நம் ஊர்ப் பத்திரம் எழுதிய மலை

தவளக்குப்பத்திலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் செஞ்சி போய்த் திரும்ப ஒரு திட்டம். ஏன் போகவேண்டும் என்பதற்கு ஒரு காரணம்.

புதுச்சேரிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் காந்தி சிலையைப் பார்க்கிறார்கள். சிலைக்குப் பின்னால் கடலைப் பார்க்கிறார்கள். சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்களைப் பார்ப்பவர்கள் குறைவு. அதில் சாய்ந்துகொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

போன மாதம் அக்கா மகன் அப்படித்தான் சாய்ந்து நின்றான். பிளஸ் டூ படிக்கிறான். “இந்தத் தூண் இந்த ஊர்க் கல்லு இல்லடா, செஞ்சிக் கோட்டையிலேருந்து வந்தது” என்றேன்.

“செஞ்சியா? திருவண்ணாமலைக்குப் போறப்ப பஸ்ஸுலேருந்து தெரியுமே, பாறையா அடுக்கி வெச்ச மாதிரி, அந்த மலையா மாமா?”

அந்த மலைதான். தவளக்குப்பம், அபிஷேகப்பாக்கம், பாகூர், வில்லியனூர் பக்கத்தில் பெரும்பாலோருக்குச் செஞ்சியோடு உள்ள பழக்கம் இவ்வளவுதான். கிரிவலத்துக்குப் போகும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தால் கண்ணில் படும். தூங்கிவிட்டால் அதுவும் இல்லை. எண்பது கிலோமீட்டருக்குள் ஒரு பழைய தலைநகரத்தை வைத்துக்கொண்டு, நாம் அதை வழியில் வரும் ஊராக மட்டுமே வைத்திருக்கிறோம்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு தலைநகரம்

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, ‘இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தது. ராய்கட், பிரதாப்கட், சிந்துதுர்க் என்று பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது செஞ்சி. அன்றைக்கு ஒரு முணுமுணுப்பும் எழுந்தது: செஞ்சி எப்படி மராட்டியக் கோட்டை ஆகும்?

நியாயமான கேள்விதான். செஞ்சியில் முதலில் கோட்டை கட்டியது கோனார் வம்சத்து ஆனந்தக்கோன் என்று மரபு சொல்கிறது. அது 12-ஆம் நூற்றாண்டின் கடைசி. எதிர்மலைக்குக் கிருஷ்ணகிரி என்ற பெயர் வந்ததற்கும் அவருக்குப் பின் வந்த கிருஷ்ணக்கோனையே காரணம் சொல்வார்கள். பிறகு விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள். மதுரை, தஞ்சை போலவே செஞ்சியும் ஒரு நாயக்கர் தலைநகரம். இன்று கோட்டைக்குள் நாம் பார்க்கும் களஞ்சியங்கள், கோயில்கள், குளங்களில் பெரும்பகுதி அவர்கள் காலத்தைச் சேர்ந்தவை. 16-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் இங்கே வந்த பிமென்டா என்ற சேசு சபைப் பாதிரியார், லிஸ்பனைத் தவிர போர்த்துகல்லில் இவ்வளவு பெரிய நகரம் இல்லை என்று எழுதி வைத்தார்.

நாயக்கர்களுக்குப் பின் பிஜப்பூர் சுல்தான், 1677-ல் சிவாஜி, 1698-ல் ஔரங்கசீப்பின் படை, அப்புறம் ஆற்காட்டு நவாப், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். கொஞ்ச நாள் ஹைதர் அலியும் வைத்திருந்தார். மராட்டியர் பங்கு இதில் சுமார் இருபது வருஷம். ஆனால் அந்த இருபதில் எட்டு வருஷம் மராட்டிய அரசுக்கே இதுதான் தலைநகரம். ராய்கட் கைவிட்டுப் போனபோது, சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே தப்பி வந்து, 1689 இறுதியில் செஞ்சிக்குள் நுழைந்தார். முகலாயத் தளபதி சுல்பிகர்கான் 1690-ல் முற்றுகை போட்டார். கோட்டை விழுந்தது 1698-ல். அதற்குள் ராஜாராம் நழுவிவிட்டார்.

ஒரு கோட்டைக்கு எத்தனை சொந்தக்காரர்கள் என்று எண்ணிப் பார்த்தால், யார் பெயரில் பட்டியலிட்டாலும் மிச்சப்பேருக்கு மனக்குறைதான். புதுச்சேரிப் பக்கத்து ஆட்களான நமக்கு இந்த வழக்கில் வேறொரு அக்கறை உண்டு.

கையெழுத்துப் போட்ட இடம்

தவளக்குப்பம் முனையில் நின்று பாருங்கள். வடக்கே பத்து கிலோமீட்டரில் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி. தெற்கே கடலூரைத் தொட்டால் தேவனாம்பட்டினம். ஆங்கிலேயர்களின் செயின்ட் டேவிட் கோட்டை அங்கேதான். அதற்கும் முன்னால் அங்கே டச்சுக்காரர்கள். இத்தனை கப்பல்காரர்களும் யாரைக் கேட்டு இங்கே கொட்டகை போட்டார்கள்? கடலோரத்து நிலம் யார் கையில் இருந்ததோ, அவர் உட்கார்ந்திருந்தது செஞ்சியில்.

டச்சுக்காரர்களுக்குத் தேவனாம்பட்டினத்தில் இடம் கொடுத்தவர் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த செஞ்சி நாயக்கர். பிரெஞ்சுக்காரர்கள் கதை சற்றுச் சுற்றிவரும். 1673-ல் அவர்களுக்குப் புதுச்சேரியில் இடம் தந்தவர் வாலிகண்டபுரத்து ஷேர்கான் லோடி, பிஜப்பூரின் ஆள். நான்கே வருஷத்தில் சிவாஜி வந்து செஞ்சியைப் பிடித்தார், ஷேர்கானையும் தோற்கடித்தார். இடம் கொடுத்தவரே போய்விட்டால் குடியிருப்பவர் என்ன செய்வார்? புதுச்சேரியில் இருந்த பிரான்சுவா மார்த்தேன், புதிய ஆட்சியாளரிடம் தூது அனுப்பி, இருக்க அனுமதி வாங்கிக்கொண்டார்.

1690-ல் ஆங்கிலேயர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ராஜாராமிடம் விலைக்கு வாங்கினார்கள். அந்தக் கிரயத்தில் ஒரு விசித்திரமான ஷரத்து. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமும் விற்பனையில் சேர்த்தி. சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்தார்கள், திசைக்கொன்றாகச் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்று பெயர். கடலூர்ப் பக்கம் குண்டு உப்பலவாடி என்று பஸ் போர்டில் பார்த்திருப்பீர்கள்.

மூன்று வருஷம் கழித்து, 1693-ல், டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தது பீரங்கியால் என்றாலும் அதோடு விடவில்லை. ராஜாராமிடம் பணம் கட்டி உரிமையையும் வாங்கினார்கள். முற்றுகைக்குள் இருந்த ராஜாவுக்குப் பணம் தேவைப்பட்டது. வாங்குகிறவர்களுக்குக் காகிதம் தேவைப்பட்டது. ஐரோப்பாவில் 1697-ல் ஏற்பட்ட ரிஸ்விக் உடன்படிக்கைக்குப் பிறகுதான், 1699-ல், ஊர் திரும்ப மார்த்தேன் கைக்கு வந்தது.

ஆக, ஒரு காலத்தில் நம் பக்கத்துக்குப் பத்திரப்பதிவு ஆபீஸ் செஞ்சிதான். ஒரு நாள் லீவு போட்டு அந்த ஆபீசைப் பார்த்துவிட்டு வருவது என்று நானும் அக்கா மகனும் முடிவு செய்தோம்.

நாள் பார்ப்பது

செஞ்சிக்கு நாள் குறிக்க இரண்டு விஷயம் பார்க்கவேண்டும்: வெயில், நிலா.

வெயில் எல்லோருக்கும் தெரிந்தது. செஞ்சி மலைகள் மண்ணும் மரமுமான மலைகள் இல்லை. உருண்டைப் பாறைகளை மூட்டை மூட்டையாகக் கொட்டி வைத்தது போன்றவை. காலை பத்து மணிக்கு மேல் கல் கொதிக்கத் தொடங்கும், சாயங்காலம் வரை ஆறாது. மார்கழி, தை, மாசி நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட நாளாகப் பார்த்துப் போனால் சுனைகளில் தண்ணீரும் சுற்றிலும் பசுமையும் இருக்கும். ஆனால் படி வழுக்கும். அக்னி நட்சத்திரத்தில் போகவே வேண்டாம்.

நிலாதான் பலர் மறப்பது. புதுச்சேரியிலிருந்து செஞ்சி வழியாகப் போகும் பஸ்கள் திருவண்ணாமலை பஸ்கள். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டம். நிற்கக்கூட இடம் கிடைக்காது. சரி, அமாவாசைக்குப் போகலாம் என்றால், செஞ்சிக்கு அருகே மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அன்றைக்குத்தான் ஊஞ்சல் உற்சவம். ஊரே அந்தப் பக்கம் திரும்பும். அதனால் காலண்டரில் இரண்டுக்கும் நடுவே ஒரு நாளாகப் பாருங்கள்.

தவளக்குப்பத்தில் ஐந்தரைக்கு பஸ் ஏறினால் ஆறு மணிக்குள் புதுச்சேரி. அங்கிருந்து திருவண்ணாமலை பஸ். கோரிமேடு தாண்டினால் தமிழ்நாடு. திண்டிவனத்தில் மேற்கே திரும்பினால் இருபத்தெட்டு கிலோமீட்டரில் செஞ்சி. மொத்தம் இரண்டு மணி நேரம், கொஞ்சம் கூடவோ குறையவோ. பைக்கிலோ காரிலோ போகிறவர்கள் விழுப்புரம், விக்கிரவாண்டி சுற்றியும் வரலாம். செஞ்சி பஸ் நிலையத்தில் இறங்கி டிபனை முடித்துவிட்டு ஆட்டோ பிடியுங்கள். கோட்டை ஊருக்கு மேற்கே, திருவண்ணாமலை சாலையிலேயே இரண்டு கிலோமீட்டர். தண்ணீரை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் ராஜகிரி

கோட்டை என்றால் ஒரு மதிலும் ஒரு வாசலும் என்று நினைத்துப் போகிறவர்கள் செஞ்சியில் திகைத்துவிடுவார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலைகள். மூன்றையும் முக்கோணமாகச் சேர்த்துச் சுமார் பதின்மூன்று கிலோமீட்டருக்கு மதில். நடுவே வயல் இருக்கிறது, குளம் இருக்கிறது; கோட்டைக்கு ஊடாகத் தார்ச்சாலையே போகிறது. ஒரே நாளில் எல்லாம் பார்த்துவிட முடியாது என்பதை வீட்டிலேயே ஒத்துக்கொண்டு கிளம்பினால் நிம்மதி.

தொல்லியல் துறை வாசலில் சீட்டு வாங்கியதும் கீழே இருப்பதை எல்லாம் அப்படியே விட்டுவிட்டு, நேரே ராஜகிரிக்கு நடங்கள். கிட்டத்தட்ட எண்ணூறு அடி உயரம். பிற்பகல் ஆகிவிட்டால் மேலே ஏற விடமாட்டார்கள். விட்டாலும் உடம்பு விடாது. வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். ஊர்க்காரர்கள் கோட்டைக்காக வருவதைவிட அவளுக்காக வருவதுதான் அதிகம். படிகள் சில இடங்களில் முழங்கால் உயரம். ஒரு வாசல் தாண்டினால் இன்னொரு வாசல். ஒவ்வொன்றும் எதிரி நேராக ஓடிவர முடியாதபடி மடங்கித் திரும்புகிறது.

உச்சிக்குச் சற்று முன்னால் மலை இரண்டாகப் பிளக்கிறது. இருபத்துநாலு அடி அகலம், அறுபது அடி ஆழம். இயற்கையில் இருந்த வெடிப்பை வெட்டி இன்னும் ஆழமாக்கியிருக்கிறார்கள். கடக்க ஒரே ஒரு பாலம். அந்தக் காலத்தில் அது மரப்பாலம். இழுத்துக்கொண்டால் அப்புறம் பேச்சே இல்லை. பத்துப் பேர் மேலே நின்றால் ஒரு படையை நிறுத்தலாம் என்பது இங்கே நின்று பார்த்தால்தான் புரியும். எட்டு வருஷ முற்றுகை ஏன் எட்டு வருஷம் ஆயிற்று என்பதும்.

உச்சியில் ரங்கநாதர் கோயில், களஞ்சியம், ஒரு பழைய பீரங்கி. இத்தனை உயரத்திலும் தண்ணீருக்குச் சுனை உண்டு. மற்ற மூன்று பக்கமும் செங்குத்து. கிழக்கே பார்த்தால் வெளுத்த வானம் கடலை நோக்கிப் போகிறது. கடல் தெரியவில்லை. ஆனால் அந்தத் திசையில்தான் கப்பல்காரர்கள் காத்திருந்தார்கள்.

கீழே நிழல்

இறங்கும்போது மணி பன்னிரண்டு ஆகிவிடும். இனி கீழ்க்கோட்டை. கல்யாண மகாலைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். சதுரமான முற்றத்தின் நடுவே அடுக்கடுக்காக எழும்பி உச்சியில் கூம்பாக முடியும் கோபுரம். மேல்மாடிக்கு மண்குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். சற்றுத் தொலைவில் உயரமான இடத்தில் இருக்கும் நீர்த்தேக்கத்திலிருந்து வந்த அழுத்தமே போதுமானதாக இருந்தது. மோட்டார் போட்டும் இரண்டாம் மாடிக்குத் தண்ணீர் ஏறாத வீடுகளை நினைத்துக்கொண்டே பார்க்கலாம்.

பக்கத்திலேயே குதிரை லாயம், உடற்பயிற்சிக்கூடம், ஆனைக்குளம், வளைந்த கூரையோடு ஒரு பெரிய நெற்களஞ்சியம். களஞ்சியத்துக்குள் போய் ஒரு குரல் கொடுங்கள், சுவர் திருப்பிக் கொடுக்கும். சற்றுத் தள்ளி வெங்கட்ரமணர் கோயில். வாசல் சுவர்களில் ராமாயண, பாகவதக் காட்சிகள் சிறு சிறு புடைப்புச் சிற்பங்களாக இருக்கின்றன. நமக்கு அங்கே வேறு வேலையும் உண்டு. இந்தக் கோயிலிலிருந்துதான் உயரமான ஒற்றைக்கல் தூண்களைப் பெயர்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு காலத்தில் பிரெஞ்சு கவர்னர் டுப்ளேயின் சிலைக்கு அழகு சேர்த்த தூண்கள் இன்று காந்திக்குக் காவல் நிற்கின்றன. அக்கா மகன் கோயிலில் மிஞ்சியிருக்கும் தூண் ஒன்றில் கைவைத்து உயரம் பார்த்தான். “இதை மாட்டு வண்டியிலயா மாமா கொண்டாந்திருப்பாங்க?” பதில் தெரியவில்லை. எழுபது கிலோமீட்டர், நடுவில் ஆறும் ஏரியும்.

பத்தே மாத ராஜா

சாதத்துல்லாகான் மசூதியையும் செட்டிக்குளத்தையும் பார்க்கும்போது தேசிங்கு வந்துவிடுவார். செஞ்சி என்றால் ஊர் மனதில் அவர்தான். கோனும் நாயக்கரும் தலைமுறை தலைமுறையாக ஆண்டும் கிடைக்காத பேர், பத்து மாதம் ஆண்ட இளைஞனுக்குக் கிடைத்தது.

அவர் தமிழரும் இல்லை, மராட்டியரும் இல்லை. ஔரங்கசீப் காலத்தில் கோட்டைக்குப் பொறுப்பாக இருந்த பந்தேல்கண்ட் ராஜபுத்திரர் ஸ்வரூப் சிங்கின் மகன். பெயர் தேஜ் சிங். தமிழ் நாக்கில் தேசிங்கு. 1714-ல் அப்பா இறந்ததும் வந்து பொறுப்பேற்றார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் கப்பப் பாக்கியைக் கேட்டார். இவர் கொடுக்க மறுத்தார். அதே வருஷம் அக்டோபர் 3-ஆம் தேதி கடலி என்ற ஊருக்குப் பக்கத்தில் சண்டை. தேசிங்குக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்யாணப் பந்தலிலிருந்து ஓடிவந்து கூடவே மாண்டவன் அவருடைய முஸ்லிம் நண்பன் மகபத்கான் என்று கதைப்பாடல் பாடுகிறது. செட்டிக்குளக் கரையில் தேசிங்கை எரித்தார்கள். இளம் மனைவியும் உடன்கட்டை ஏறினாள். ஜெயித்த நவாபே அவள் நினைவாக ராணிப்பேட்டையை உண்டாக்கினார் என்பது மரபு. தெருக்கூத்து வழியே ஊர் ஊராகப் போன அந்தக் கதை, 1960-ல் எம்.ஜி.ஆர் நடித்த சினிமாவாகவும் வந்தது.

வென்ற நவாபின் மசூதி கோட்டைக்குள்ளேயே நிற்கிறது. தோற்றவன் பாட்டில் நிற்கிறான்.

சாவி புதுச்சேரிக்கு வந்த பத்து வருஷம்

சாப்பிட்டு, நிழலில் கால் நீட்டி, மூன்று மணி வாக்கில் சாலையைக் கடந்து கிருஷ்ணகிரிக்குப் போகலாம். ராஜகிரியைவிட ஏற எளிது. உச்சியில் கவிகை மூடிய ஒரு மண்டபம், காற்று பிய்த்துக்கொண்டு போகும். அங்கே உட்கார்ந்து நம் ஊர்க் கதையின் மிச்சத்தைச் சொல்லி முடித்தேன்.

முன்பு செஞ்சி புதுச்சேரிக்கு அனுமதி கொடுத்தது. 1750 செப்டம்பரில் கதை தலைகீழானது. டுப்ளேயின் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் வாசல்களை வெடிவைத்துப் பிளந்து மூன்று மலைகளையும் பிடித்தார். விடிந்ததும் மேலிருந்து பார்த்த பிரெஞ்சுக்காரர்களே, இதில் நாம் எப்படி ஏறினோம் என்று வியந்தார்களாம். இதே கோட்டைக்கு வெளியே எட்டு வருஷம் காத்துக்கிடந்த முகலாயப் பேரரசை நினைத்தால் சிரிக்கத்தான் தோன்றும். அந்த டிசம்பரில் செஞ்சியிலிருந்து கிளம்பிய பிரெஞ்சுப் படைதான் நிஜாம் நாசிர் ஜங்கின் பாளையத்தை இரவோடு இரவாகத் தாக்கியது. நாசிர் ஜங் கொல்லப்பட்டார். வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததும் ஏறக்குறைய இதே ஆண்டுகளில், நவாப், நிஜாம் பதவிகளுக்கு அப்போது நடந்த வாரிசுச் சண்டையில் கிடைத்த கூலியாகத்தான்.

1752-ல் ஆங்கிலேயர்கள் செஞ்சியைப் பறிக்க ஒரு படை அனுப்பினார்கள். அது விக்கிரவாண்டியில் அடிவாங்கித் திரும்பியது. அந்தத் தைரியத்தில் டுப்ளேயின் மருமகன் முறையான கெர்ழான் படையோடு வெளியே வந்தார். ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் ஆங்கிலேயத் தளபதி மேஜர் லாரன்ஸ் அவரைப் பிடித்து நொறுக்கிய இடம் எது தெரியுமா? பாகூர். நாம் வாரச்சந்தைக்கும் ஏரிக்கரைக்கும் போகிற அதே பாகூர். “நம்ம பாகூரா?” என்று அக்கா மகன் இரண்டு முறை கேட்டான். பள்ளிப் புத்தகத்தில் படித்தபோது அது ஏதோ ஒரு ஊர்.

1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. ஏப்ரலில் செஞ்சியும் இறங்கியது. பீரங்கியைவிடக் காய்ச்சல்தான் உள்ளே இருந்தவர்களை அதிகம் அரித்தது. அதன்பின் கடற்கரைகளும் கணக்குப் பேரேடுகளும் ஆண்ட காலம். மலை மேல் இருப்பவருக்கு மரியாதை போய்விட்டது. ஊர் காலியானது. 1921-ல் தேசிய நினைவுச் சின்னம் ஆகும்போது அங்கே காவலுக்கு ஆட்டிடையர்களும் குரங்குகளும்தான்.

ஒரு இரவு தங்குகிறவர்களுக்கு

மறுநாளும் கையில் இருந்தால் இரண்டு இடங்கள். ஒன்று, சிங்கவரம், செஞ்சிக்கு வடக்கே நாலு கிலோமீட்டர். பாறையைக் குடைந்த கோயிலில் பள்ளிகொண்ட ரங்கநாதர். தேசிங்கு வணங்கிய பெருமாள் என்பார்கள். இரண்டு, திருநாதர்குன்று. ஒரே பாறை முகத்தில் இருபத்துநாலு தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அருகே, ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரைப் பற்றிய பழைய கல்வெட்டு. கோட்டை பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் இந்தப் பாறைகளைத் தேடி வந்தவர், எதையும் பிடிக்க வரவில்லை.

பையில் வைக்க

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். புளிசாதமோ எலுமிச்சை சாதமோ. மலைமேல் கடை கிடையாது. தொப்பி அல்லது துண்டு. செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ. பிளாஸ்டிக் கவரைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள். குரங்கு உங்களைவிட வேகம். வயதானவர்களோடு போனால் அவர்களைக் கல்யாண மகால் பக்கம் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் ஏறலாம். கீழ்க்கோட்டையே அரைநாளுக்குக் காணும். ராஜகிரியைத் தொட்டுத் திரும்ப மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். இறங்கிய பிறகு, பருவத்தைப் பொறுத்து, ரோட்டோரத்தில் நுங்கோ அவித்த மல்லாட்டையோ கிடைக்கும்.

ஐந்து மணிக்கு பஸ் ஏறினோம். திண்டிவனம் வருவதற்குள் அக்கா மகன் தூங்கிவிட்டான். புதுச்சேரியில் மாறி, தவளக்குப்பத்தில் இறங்கும்போது மணி எட்டரை. ரோட்டைக் கடக்கக் காத்துக்கொண்டிருந்தோம். கடலூர் பக்கம் போகும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, அந்த இங்கிலீஷ்காரன் பீரங்கி இன்னும் கொஞ்சம் பெருசா இருந்து, குண்டு இங்க வந்து விழுந்திருந்தா?”

“நம்ம ரேஷன் கார்டுல கடலூர் மாவட்டம்னு போட்டிருப்பான்.”

சிரித்தான். பிறகு, குண்டு வந்து விழாத அந்த ரோட்டைக் கடந்து வீட்டுக்குப் போனோம்.